நின்னு வேலை பாக்க முடியலன்னா எழுதிக் கொடுத்துட்டுப் போகணுமா? ஜவுளிக்கடை அக்காவுக்காகக் கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். உங்க அக்கா காரைக்குடில ஒரு ஜவுளிக்கடைல பதினோரு வருஷமா சேலை செக்‌ஷன்ல இருக்காங்க, கடைல மொத்தம் 34 பேரு, மாசச் சம்பளம் 12,000. ராத்திரி கடை அடைச்சு கோட்டையூர் ரோட்டுல ஸ்கூட்டில வீட்டுக்குப் போறப்ப அடிபட்டு இடது முட்டில பிளேட் வச்சு, எட்டு மாசம் கழிச்சு 45 சதவீதம் ஊனம்னு சர்டிபிகேட்டும் வாங்கிட்டு வேலைக்குப் போனா மேனேஜர், பத்து மணி நேரம் நின்னு சேலை காமிக்க முடியும்னா வாங்க, முடியாதுன்னா ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு 80,000 செட்டில்மென்ட் வாங்கிக்கங்கன்னு சொல்லிட்டாரு. மாற்றுத்திறனாளி சட்டம் தனியார் கடைக்குப் பொருந்துமான்னு நீங்க கேட்டுருக்கீங்க. ஆனா எனக்கு உறுத்துனது உங்க கடைசி வரிதான், அக்கா நேரா முதலாளி வீட்டுக்குப் போயி ஆச்சி கால்ல விழுந்து கேட்டுப் பாக்கறேன்னு சொல்லுது, போகச் சொல்லவான்னு. நீங்க உண்மையில கேக்கறது அதைத்தான், இது கெஞ்சிக் கேக்கற விஷயமா, கொடுத்தே ஆகணும்னு கேக்கற விஷயமான்னு.

கால்ல விழ வேணாம். ஆச்சியப் பாத்துப் பேசறதுல தப்பில்ல, பல தடவ மேனேஜரு மறிச்சு வச்சிருக்கற கதவு அங்கதான் தெறக்கும், ஆனா கையில ஒரு லெட்டரோட போகணும், அழுதுகிட்டு போகக் கூடாது. அதைவிட முக்கியம், இந்தப் பதில முழுசாப் படிச்சு முடிக்கறவரைக்கும் அக்கா எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து போடக் கூடாது. வெள்ளைப் பேப்பர், அச்சடிச்ச பாரம், வவுச்சர், எதுவா இருந்தாலும் சரி.

நான் இந்தப் பக்கம் இருபத்திரண்டு வருஷமா தொழிலாளர் வழக்குதான் பாக்கறேன், பெரும்பாலும் வேலை பாக்கறவங்க பக்கம், நாலஞ்சு தடவ முதலாளி பக்கமும் நின்னுருக்கேன், அதனால அவுக எப்படி யோசிப்பாகன்னும் கொஞ்சம் தெரியும். உங்க அக்காவோட பேப்பர் எதையும் நான் பாக்கல, முட்டி எந்த அளவுக்கு மடங்கும் எவ்வளவு நேரம் தாங்கும்னு டாக்டர்தான் சொல்லணும். அதனால கீழ சொல்றதுல எது உறுதி, எது வாதாடிப் பாக்கற விஷயம்னு பிரிச்சே சொல்றேன், ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிக்கிட்டுப் போயி கடைல நின்னீங்கன்னா எதிர்ல இருக்கற வக்கீல் அஞ்சு நிமிஷத்துல மடக்கிருவாரு.

கையெழுத்த ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எனக்கு வந்த கேஸ்ல நான் ஒண்ணும் பண்ண முடியாம திரும்பி அனுப்புனதுல பாதி இதுதான். சில வருஷம் முன்ன ஒரு அம்மா வந்தாங்க, கை விரல் ரெண்டு மெஷின்ல போனவங்க, “சொந்தக் காரணத்தால் வேலையிலிருந்து விலகுகிறேன், எனக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை”ன்னு எழுதி கையெழுத்து வாங்கிட்டுத்தான் பணத்தக் கொடுத்துருக்காங்க, அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியும், ஆனா அன்னைக்கு இருந்த நெலமைல படிக்கல. அதுக்கப்புறம் என்னை யாரும் நீக்கலையேன்னு கடைக்காரரு சொன்னா நாம என்னத்தச் சொல்றது. மெரட்டி வாங்குனாகன்னு நிரூபிக்கணும், சாட்சிக்கு கூட வேலை பாக்கறவங்க வரணும், யாரு வருவா.

சுப்ரீம் கோர்ட்ல 2008ல பகவான் தாஸ்னு ஒருத்தர் கேஸ் இருக்கு. பஞ்சாப் மின்வாரியத்துல உதவி லைன்மேனா இருந்தவரு, வேலைல இருக்கும்போதே ரெண்டு கண்ணும் பார்வை போயிருச்சு, தன்னால முடியலன்னு ஓய்வு கேட்டு, பொண்டாட்டிக்கு வேலை கொடுங்கன்னு அவரே எழுதிக் கொடுத்துட்டாரு, வாரியமும் சரின்னு வீட்டுக்கு அனுப்பிருச்சு. அவருக்குச் சட்டப்படி என்ன உரிமை இருக்குன்னு வாரியம் சொல்லிருக்கணும், தெரியாம எழுதிக் கொடுத்தத வச்சு அனுப்புனது செல்லாதுன்னு கோர்ட் சொல்லி வேலைல இருக்கறவராவே கணக்குல எடுத்துக்கிட்டாங்க. ஆனா அது அரசு நிறுவனம், அதோட அவரு பல வருஷம் அலைஞ்சுதான் அந்தத் தீர்ப்பு வந்துச்சு. தனியார் கடைல எழுதிக் கொடுத்துட்டு அதே மாதிரி மீண்டு வரலாம்னு நம்பி கையெழுத்து போடாதீங்க.

அந்த 80,000 பத்தியும் இங்கயே சொல்லிர்றேன். பத்துப் பேருக்கு மேல வேலை பாக்கற கடைல அஞ்சு வருஷம் முடிச்சவங்களுக்கு கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, கொடுத்தே ஆகணும், வருஷத்துக்குப் பதினஞ்சு நாள் சம்பளம், மாசச் சம்பளத்த 26ஆல வகுத்து பதினஞ்சால பெருக்கி எத்தன வருஷமோ அதால பெருக்கணும். 12,000 சம்பளம், 11 வருஷம்னா சுமார் 76,000 வருது. அதாவது மேனேஜரு பெருந்தன்மையா தர்றேன்னு சொல்றதுல 76,000 அக்கா பதினோரு வருஷம் நின்னு சம்பாதிச்ச காசு, எந்தக் காரணத்துல வேலைய விட்டாலும் அது வந்தே ஆகணும். வேலை போறதுக்கு நஷ்டஈடுன்னு பாத்தா மீதி நாலாயிரம்தான் தர்றாங்க. எனக்கு இதப் படிச்சப்பதான் ரொம்பக் கோவம் வந்துச்சு.

இப்ப சட்டம். முதல்ல உறுதியானது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ல வந்தது, அதுல 2021ல 22-ஏன்னு ஒரு பிரிவு சேத்தாங்க. கடைல வேலை பாக்கற எல்லாருக்கும் உக்கார வசதி இருக்கணும், வேலைக்கு நடுவுல உக்காரச் சந்தர்ப்பம் கெடைக்கும்போது உக்காரணும்னு. கேரளால 2018லயே வந்துருச்சு, நம்மகிட்ட மூணு வருஷம் கழிச்சு வந்துச்சு. இது மாற்றுத்திறனாளிக்குன்னு போட்ட சட்டம் இல்ல, கால் நல்லா இருக்கற பொண்ணுக்கும் உண்டு. அதனால கடைல ஸ்டூலே இல்லன்னா, இருந்தும் உக்காந்தா பைன் போடறாங்கன்னா, அது உங்க அக்காவுக்கு அடிபடறதுக்கு முந்தியே நடந்த சட்ட மீறல். இதுக்கு சர்டிபிகேட்டும் வேணாம் சதவீதமும் வேணாம்.

ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, நம்ம செட்டிநாட்டுல வியாபாரமே உக்காந்து நடந்ததுதான். பர்மாவுலயும் மலாயாவுலயும் கிட்டங்கில, அதாவது கடை நடத்துன கட்டடத்துல, பெட்டியடிலதான் மொத்தத் தொழிலும் நடந்துச்சு, சம்மணம் போட்டு உக்காந்து, முன்னாடி ஒரு சாய்வு பெட்டி, அதுல கணக்கு. வேலை கத்துக்க வந்த பையனுக்கே பெட்டியடிப் பையன்னுதான் பேரு. ஜவுளிக்கடைலயும் மெத்தை விரிச்சு விக்கறவரும் வாங்கறவரும் எதிரெதிர உக்காந்து சேலைய விரிச்சுப் போட்டத நானே சின்ன வயசுல பாத்துருக்கேன், எங்க அம்மா அப்படி உக்காந்துதான் கண்டாங்கி எடுப்பாங்க. நிக்கற வழக்கம் கண்ணாடி ஷோரூம் வந்ததுக்கப்புறம் வந்தது. உக்காந்தா கஸ்டமருக்கு மரியாதை இல்லன்னு மேனேஜரு சொன்னா இந்த ஊர்ல அத நம்ப மாட்டாக.

ஆனா அந்த 22-ஏக்கு ஒரு எல்லை இருக்கு. சந்தர்ப்பம் கெடைக்கும்போது உக்காரலாம்னுதான் அது சொல்லுது, நாள் முழுக்க உக்காந்தே பாக்கற வேலை கொடுன்னு சொல்லல. தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தக் கடைல யாருக்கும் உக்காரச் சந்தர்ப்பம் கெடைக்காது. அதனால உங்க அக்காவுக்கு அது மட்டும் போதாது.

அங்கதான் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 வருது, 2017 ஏப்ரல் 19லேர்ந்து அமல்ல இருக்கு, அதுக்கு முந்தி 1995 சட்டம் இருந்துச்சு. பொருந்துமான்னு கேட்டீங்க. பொருந்தும், ஆனா அரசு ஆபீசுக்குப் பொருந்தற அளவுக்கு எழுத்துல இல்ல. வேலைல இருக்கும்போது ஊனம் வந்துட்டா நீக்கக் கூடாது, பதவி குறைக்கக் கூடாது, அதே சம்பளத்துல வேற வேலைக்கு மாத்தணும், வேற வேலை இல்லன்னா கூடுதலா ஒரு இடம் உருவாக்கியாவது வச்சுக்கணும்னு 20ஆவது பிரிவு சொல்லுது. எவ்வளவு நல்ல பிரிவு, ஆனா அதுல “அரசு நிறுவனம்”னுதான் வார்த்தை இருக்கு. இத யாராவது உங்ககிட்ட வாட்ஸப்ல அனுப்பி, பாருங்க நீக்கவே முடியாதுன்னு சொன்னா நம்பிட்டு போயிராதீங்க, கடைக்காரரோட வக்கீல் முதல்ல கை வைக்கப் போறது அந்த ஒரு வார்த்தைலதான்.

தனியாருக்கும் சேத்துப் பேசற பிரிவு வேற இருக்கு. ஊனத்தக் காரணம் காட்டி யாரையும் பாகுபாடு பண்ணக் கூடாதுன்னு 3ஆவது பிரிவு பொதுவாச் சொல்லுது. பாகுபாடுன்னா என்னன்னு வரையறை கொடுக்கறப்ப, நியாயமான வசதி செஞ்சு தர மறுக்கறதும் பாகுபாடுதான்னு அந்தச் சட்டமே சொல்லிருக்கு. 2021ல விகாஸ் குமார் கேஸ்லயும் சுப்ரீம் கோர்ட் அதையே விரிவா சொன்னாங்க, அவரு பரீட்சைல எழுத உதவிக்கு ஒரு ஆள் கேட்டவரு. நியாயமான வசதின்னா ஒருத்தரு மத்தவங்க மாதிரி வேலை பாக்கறதுக்குத் தேவையான சின்னச் சின்ன மாத்தம், அது அந்த நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமையா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அப்புறம் 21ஆவது பிரிவு, சம வாய்ப்புக் கொள்கைன்னு ஒண்ணு ஒவ்வொரு நிறுவனமும் எழுதி வெளியிடணும், இருபது பேருக்கு மேல இருக்கற தனியாரு அதுல என்னென்ன வசதி செஞ்சு தர்றோம்னு விவரமாப் போடணும். 34 பேர் இருக்கற உங்க கடை இதுக்குள்ள வருது. நான் பாத்தவரைக்கும் நம்ம ஊரு கடைகள்ல இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. அதனால அந்தக் கொள்கையோட நகல் கொடுங்கன்னு லெட்டர்ல ஒரு வரி கேட்டாலே, எழுதுனவங்களுக்கு விஷயம் தெரியும்னு அவுகளுக்குப் புரிஞ்சுரும். அந்தச் சட்டத்துக்கு 2017ல போட்ட விதிகள்ல இன்னொண்ணும் இருக்கு, வசதி செஞ்சு கொடுக்கற செலவ ஊழியர் தலைல கட்டக் கூடாது, நாற்காலி நீயே வாங்கிட்டு வான்னு சொல்ல முடியாது.

ஆக எது வாதம்? 3ஆவது பிரிவையும் பாகுபாடு வரையறையையும் சேத்து வச்சு, தனியாரு கடைக்கும் நியாயமான வசதி செஞ்சு தர்ற கடமை இருக்குன்னு நான் வாதாடுவேன், வாதாடியும் இருக்கேன், அது பலமான வாதம்னு நம்பறேன். 20ஆவது பிரிவுல அரசுன்னு தனியா எழுதிருக்கறதால தனியாருக்கு அந்தக் கடமை இல்லன்னு எதிர்ப்பக்கம் சொல்லும், அதுவும் வெறும் வாய்ப்பேச்சு இல்ல. பில்லிங்ல உக்கார வைங்கன்னு கேக்கறது இந்த இடத்துலதான் வருது. உக்கார ஸ்டூல் கேக்கறது கல்லு மாதிரி உறுதி, வேலைய மாத்திக் கேக்கறது நல்ல வாதம்.

சதவீதத்தப் பத்தி ஒரு தப்பான எண்ணம் இருக்கு. 40க்கு மேல இருந்தாத்தான் சட்டம்னு நெனைக்கறாங்க. 40ங்கறது அரசு வேலைல இருக்கற 4 சதவீத இடஒதுக்கீடு மாதிரியானதுக்குத்தான், பாகுபாடு கூடாதுங்கறதுக்கு அந்தக் கோடு கெடையாது. அக்காவுக்கு 45 இருக்கு, நல்லது, நாளைக்கு மறுபரிசோதனைல 35ன்னு வந்தாலும் பயப்பட வேணாம்.

இப்ப நீங்க கேக்காத விஷயம், ஆனா காசுக் கணக்குல இதுதான் பெருசு. அக்கா வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற வழில அடிபட்டாங்க. 2010ல ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்துல ஒரு திருத்தம் வந்துச்சு, வீட்டுலேர்ந்து வேலைக்கும் வேலைலேர்ந்து வீட்டுக்கும் போறப்ப நடக்கற விபத்து, நேரம் இடம் சூழ்நிலை எல்லாம் வேலையோட ஒத்துப்போனா அது வேலைல நடந்த விபத்துதான்னு. 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் அதே மாதிரிதான் பொருள் கொள்ளணும்னு சொல்லிருக்கு, அதனால ஈஎஸ்ஐல இல்லாதவங்களுக்கும் வழி இருக்கு. கடை அடைச்ச நேரம், கோட்டையூர் ரோடு, அது அவங்க தெனம் போற வழி, இது மூணும் பொருந்துனா போதும். வழில சினிமாவுக்கோ சொந்தக்காரங்க வீட்டுக்கோ திரும்பிருந்தா சிக்கல், அத மட்டும் நீங்க அக்காகிட்ட உண்மையாக் கேட்டுத் தெரிஞ்சுக்கங்க.

ஈஎஸ்ஐ இருக்கான்னு பாக்க சம்பளச் சீட்ட எடுங்க. ஊழியர் பங்கு 0.75 சதவீதம், 12,000க்கு மாசம் 90 ரூபா பிடிச்சிருப்பாங்க. 90 ரூபா பிடித்தம் இருந்தா அக்கா ஈஎஸ்ஐல இருக்காங்க. அப்ப எட்டு மாசம் வேலைக்குப் போக முடியாம இருந்த காலத்துக்கு தெனச் சம்பளத்துல 90 சதவீதம் ஈஎஸ்ஐ தரணும், தோராயமா நாளைக்கு 360 ரூபா, எட்டு மாசத்துக்குக் கணக்குப் போட்டீங்கன்னா 86,000 பக்கம். அதுக்கப்புறம் நிரந்தரமா எவ்வளவு சம்பாதிக்கற சக்தி குறைஞ்சுதுன்னு ஈஎஸ்ஐ மெடிக்கல் போர்டு ஒரு சதவீதம் போடும், அந்தச் சதவீதப்படி உயிரோட இருக்கறவரைக்கும் மாசாமாசம் வரும். உதாரணத்துக்கு 20 சதவீதம்னு போட்டா நாளைக்கு 72, மாசம் 2,100 பக்கம். கையில இருக்கற 45 சதவீத சர்டிபிகேட்ட அப்படியே ஏத்துக்க மாட்டாங்க, அது வேற கணக்கு இது வேற கணக்கு, ரெண்டும் ஒத்துப்போகலன்னு பதறாதீங்க. வேலைய விட்டாலும் இந்தப் பணம் நிக்காது.

கடை இந்த விபத்த ஈஎஸ்ஐக்கு தெரிவிச்சுதான்னு கேளுங்க. தெரிவிச்சிருக்க மாட்டாங்கன்னு நெனைக்கறேன், வெறும் உடம்பு சரியில்லாத லீவுன்னு போட்டு விட்டுருப்பாங்க. ஆஸ்பத்திரில சேத்த அன்னைக்கு எழுதுன விபத்துக் குறிப்பு, போலீஸ் எப்ஐஆர் நகல், அன்னைக்கு அக்கா கடைல இருந்ததுக்கான வருகைப் பதிவு, இதெல்லாம் தேடி எடுத்து வைங்க. லேட்டாப் போனாலும் கேக்கலாம், ஏன் லேட்டுன்னு விளக்கம் எழுதணும். சம்பளத்துல பிடித்தமே இல்ல, 34 பேர் இருந்தும் கடை ஈஎஸ்ஐல பதிவே பண்ணலன்னா அது கடையோட குத்தம், அக்காவோட உரிமை அதனால போயிராது, ஆனா சண்டை நீளும், அப்ப கண்டிப்பா ஒரு வக்கீல் வேணும்.

சரி, என்ன கேக்கறதுங்கறதுக்கு வருவோம். இதுலதான் பாதிப் பேர் தோக்கறாங்க. “லைட் வேலை கொடுங்க”ன்னு கேக்காதீங்க. லைட் வேலை எங்ககிட்ட இல்லன்னு ஒரே வார்த்தைல முடிச்சுருவாங்க, டாக்டரும் பெரும்பாலும் “ஓய்வு தேவை, லைட் வேலை பாக்கலாம்”னுதான் எழுதிக் கொடுப்பாரு, அது நமக்கு எதிராத்தான் வேலை செய்யும். டாக்டர்கிட்ட திரும்பப் போயி, எத்தன நிமிஷம் தொடர்ந்து நிக்கலாம், எத்தன நிமிஷத்துக்கு ஒருக்கா உக்காரணும், படி ஏறலாமா, எத்தன கிலோ தூக்கலாம், உக்காந்த வேலை முழு நேரம் பாக்க முடியுமான்னு தெளிவா எழுதி வாங்குங்க. என்ன முடியாதுங்கறதவிட என்ன முடியும்ங்கறது அந்தக் காயிதத்துல பெருசா இருக்கணும். அப்புறம் கடைல உக்காந்து பாக்கற வேலை என்னென்ன இருக்குன்னு அக்காவுக்கே தெரியும், பதினோரு வருஷம் இருந்துருக்காங்க. பில்லிங், பேக்கிங் டேபிள், சரக்கு வந்தா பார்கோடு ஒட்டறது, பால்ஸ் ஓரம் அடிக்கக் கொடுக்கற கவுன்டர், வாட்ஸப் ஆர்டர் பாக்கறது. சேலை செக்‌ஷன்லயே இருக்கணும்னா உயரமான சுழல் ஸ்டூல் ஒண்ணு, மேல் அலமாரிலேர்ந்து எடுத்துப் போட ஒரு பையன். அது எல்லாத்துலயும் முதல் விருப்பம் ரெண்டாவது விருப்பம்னு போட்டுக் கேக்கணும்.

எனக்கு நல்லா முடிஞ்ச ஒண்ணு சொல்றேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்ட ஓட்டலா மாத்தி நடத்தறாங்க, அங்க கணக்கு பாக்கற தம்பிக்கு முதுகுத்தண்டுல ஆபரேஷன், ஆபீசு மாடில. நம்ம வீடுகளோட படி உங்களுக்குத் தெரியும், தெருவுலேர்ந்து திண்ணை ஏறவே நாலஞ்சு படி, உள்ள ஒவ்வொரு நெலைக்கும் ஒரு வாசப்படி, மாடிப்படி செங்குத்தா இருக்கும். லிப்ட் வைக்க முடியாது, வீட்ட இடிக்க முடியாதுன்னு ஓட்டல்காரரு சொன்னாரு, அதுவும் நெசம்தான். நான் நேரா அங்க போயி சுத்திப் பாத்தேன், முகப்புல ஒரு சின்ன அறை பழைய சாமான் போட்டுப் பூட்டிக் கெடந்துச்சு, பக்கவாட்டுச் சந்துல இருக்கற கதவு தெரு மட்டத்துல இருந்துச்சு. அறையக் காலி பண்ணி கம்ப்யூட்டர எறக்கி வச்சு, அந்தக் கதவுக்கிட்ட ஒரு பலகை போட்டாங்க. லெட்டரு, சட்டம், பிரிவு எல்லாம் ரெண்டு மாசம் சண்டை, தீந்தது ஒரு பலகைல. அதனாலதான் சொல்றேன், உரிமைன்னு மட்டும் சொன்னா அவுக எதிர்த்து நிப்பாக, இந்த எடத்துல இந்தச் சாமான வைங்கன்னு சொன்னா யோசிக்க ஆரம்பிப்பாக.

எல்லா நேரமும் ஊழியர் கேக்கறதே நியாயம்னும் சொல்ல மாட்டேன். பலகாரம் போடற எடத்துல தேன்குழல் சுட்டுக்கிட்டிருந்த ஒரு அம்மாவுக்கு வலிப்பு வர ஆரம்பிச்சுது, அவங்க அடுப்புலயேதான் இருப்பேன்னு நின்னாங்க, ஏன்னா அங்கதான் கூலி ஜாஸ்தி. கொதிக்கற எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்துல நிக்க விட மாட்டேன்னு முதலாளி சொன்னத நான் தப்புன்னு சொல்லல, சட்டமும் நியாயமான நோக்கத்துக்குத் தேவையான அளவு தடுத்தா பாகுபாடுன்னு எடுத்துக்காது. நான் சண்டை போட்டது பேக்கிங்குக்கு மாத்திட்டு கூலியக் குறைச்சதுக்கு. அதுலயும் பாதிதான் ஜெயிச்சேன். உங்க அக்கா கேஸ்ல ஆபத்துன்னு சொல்ல ஒண்ணுமில்ல, உக்காந்தா யாருக்கும் எண்ணெய் கொட்டப் போறதில்ல, அதனால அந்தப் பாயிண்ட் அவுகளுக்கு இல்ல.

லெட்டரு தமிழ்லயே எழுதுங்க, ஒரு பக்கத்துக்கு மேல வேணாம். பதினோரு வருஷமா வேலை பாக்கறேன், இந்தத் தேதில வேலை முடிஞ்சு போறப்ப விபத்து, இந்தத் தேதில வேலைக்கு வந்தேன், நின்னுதான் பாக்கணும்னு இன்னார் சொன்னாரு, நான் வேலை பாக்கத் தயாரா இருக்கேன், டாக்டர் எழுதுன காயிதம் இணைச்சிருக்கு, 2016 சட்டப்படி இந்த வசதி கேக்கறேன், முடியாதுன்னா காரணத்த எழுத்துல கொடுங்க, சம வாய்ப்புக் கொள்கை நகலும் கொடுங்க. “வேலை பாக்கத் தயாரா இருக்கேன்”ங்கற வரி விட்டுப்போகவே கூடாது, பின்னாடி அவங்கதான் வரலன்னு சொல்றதுக்கு அதுதான் தடுப்பு. ஸ்பீட் போஸ்ட்ல டெலிவரி ஒப்புகையோட அனுப்புங்க, மேனேஜர் வாட்ஸப்புக்கும் போட்டோ போடுங்க. பழைய நெட் பதிவ வச்சு தொழில் தகராறு சட்டம் இந்தப் பிரிவு அந்தப் பிரிவுன்னு சேக்காதீங்க, 2025 நவம்பர் 21ல நாலு தொழிலாளர் தொகுப்புச் சட்டமும் அமலுக்கு வந்து பழைய எண் எல்லாம் மாறிருச்சு. கடைகள் சட்டம் மாநிலச் சட்டம், அது அப்படியே இருக்கு.

பதில் வரலன்னா, இல்ல நீக்கிட்டாங்கன்னா, அந்தக் கடைகள் சட்டத்தோட 41ஆவது பிரிவு இருக்கு. ஆறு மாசம் தொடர்ந்து வேலை பாத்தவங்கள நியாயமான காரணமும், ஒரு மாச நோட்டீசோ அதுக்குப் பதிலா ஒரு மாசச் சம்பளமோ இல்லாம நீக்கக் கூடாது, நீக்குனா தொழிலாளர் துறைல மேல்முறையீடு உண்டு. கெடு ரொம்பக் குறைவு, அதனால நீக்குன வாரமே வக்கீலப் பாருங்க. நிக்க முடியாததே நியாயமான காரணம்னு அவங்க சொல்வாங்க, அப்பத்தான் நாம முன்னாடியே அனுப்புன லெட்டரும் உக்காந்து பாக்கற வேலைப் பட்டியலும் பேசும். பாகுபாட்டுக்குத் தனியா சென்னைல மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு போடலாம், சம்மன் அனுப்பி ரெக்கார்டு கேக்கற அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனா அவரு சொல்றது பரிந்துரை, நீக்கறத நிறுத்தி வைன்னு தடை போடற அதிகாரம் இல்லன்னு 2010லயே பழைய சட்டத்துக்கு சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. இருந்தாலும் சம்மன் வந்தாலே பாதிக் கடைக்காரங்க பேச வந்துருவாங்க. மதுரை ஹைகோர்ட்ல ரிட் போடலாமான்னு கேப்பீங்க, தனியாரு ஜவுளிக்கடை மேல அது நிக்காது, யாராவது போடலாம்னு காசு கேட்டா கொடுக்காதீங்க.

மாற்றுத்திறனாளிகள் சட்டத்தோட 92ஆவது பிரிவு, பொது இடத்துல ஊனத்தச் சொல்லிக் கேவலப்படுத்தற நோக்கத்தோட பேசுனா ஆறு மாசத்துலேர்ந்து அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். மேனேஜரு கஸ்டமர் முன்னாடி நொண்டின்னு சொன்னாருன்னு நீங்க எழுதிருக்கீங்க, படிச்சப்ப வயிறு எரிஞ்சுச்சு. அந்தத் தேதி, நேரம், யாரு பக்கத்துல இருந்தா எல்லாத்தையும் இன்னைக்கே எழுதி வைங்க. ஆனா இதுலேர்ந்து ஆரம்பிக்காதீங்க, போலீஸ் கேஸ் போட்ட மறுநாள் அந்தக் கடைக்குள்ள அக்கா உக்காந்து வேலை பாக்க முடியாது. அவங்களுக்கு வேலைதான் வேணும்னா இது கடைசியா எடுக்கற ஆயுதம், வேலையே வேணாம்னு அக்கா முடிவு பண்ணிட்டா அப்ப யோசிக்கலாம், அது அவங்க முடிவு, உங்க முடிவும் இல்ல என் முடிவும் இல்ல.

வக்கீல் பீசுக்கு பயந்து சும்மா இருக்காதீங்க. மாற்றுத்திறனாளின்னாலே வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, பொம்பளைங்களுக்கும் தனியா உண்டு, அக்காவுக்கு ரெண்டு வழிலயும் தகுதி இருக்கு. சிவகங்கைல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல மனு கொடுக்கலாம், 15100க்கு போன் பண்ணாலும் வழி சொல்வாங்க. சிவகங்கை போற அன்னைக்கே, திங்கக்கிழமையாப் பாத்துப் போனீங்கன்னா கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல ஒரு மனுவும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல அடையாள அட்டை வேலையும் சேத்தே முடிச்சுட்டு வரலாம், முட்டி வலியோட ரெண்டு தடவ பஸ் ஏற வேணாம்.

ஆச்சியப் பாக்கப் போறத லெட்டரு போயிச் சேந்த மறுநாள் வச்சுக்கங்க. அக்காவக் கூட்டிக்கிட்டு நீங்களும் போங்க, லெட்டர் நகல் ஒண்ண ஆச்சி கையில கொடுங்க, பதினோரு வருஷத்துல அக்கா எந்தெந்த வீட்டுக் கல்யாணத்துக்கு சேலை எடுத்துக் கொடுத்தாங்கன்னு ஆச்சிக்கு நல்லாத் தெரியும், பேரு சொல்லிக் கேட்டு வர்ற கஸ்டமர் எத்தன பேருன்னும் தெரியும். அங்க என்ன பேசுனாலும் வீட்டுக்கு வந்து எழுதி வைங்க. கடைலேர்ந்து பதில் எழுத்துல வந்தா கடைப் பேரையும் ஆள் பேரையும் மறைச்சுட்டு இங்கயே போடுங்க, வந்த காயிதத்துல என்ன வார்த்தை இருக்குன்னு பாத்துத்தான் அடுத்து எழுதணும், எந்த நேரமா இருந்தாலும் படிச்சுட்டுச் சொல்றேன்.